ஜல்லி மூட்டைக்குக் கல்யாண யோகம்

உட்கார்ந்த இடத்திலேயே கஷ்டம் தீரும் என்று யாராவது சொன்னால் நம் ஜனங்களுக்குக் கேட்கவா வேண்டும்! யோசிப்பதற்குத்தான் நேரமில்லை, உட்காருவதற்கு எப்போதும் நேரம் உண்டு.

பைபாஸ் ரோட்டோரம் ஒரு பழைய உரக் கிடங்கு இருந்தது. உரம் போன பிறகு எலி கூட அங்கே தங்கவில்லை. அந்தக் கிடங்கின் வாசலில்தான் இப்போது காலை ஏழு மணிக்கே முந்நூறு மோட்டார் சைக்கிள். தகரக் கூரைக்குக் கீழே பெரிய பலகை ஒன்று தொங்கியது: "முதுகு வலியா? தொழிலில் முடக்கமா? வீட்டில் நிம்மதி இல்லையா? குறை உங்களிடம் இல்லை. உங்கள் வண்டி சீட்டில் இருக்கிறது!" குறை நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதாதா? ஊரே வரிசையில் நின்றுவிட்டது.

உள்ளே எழுந்தருளியிருந்தவர் இருக்கை மகான். பேரை அவரே வைத்துக்கொண்டார். மனிதனின் தலையெழுத்து தலையில் இல்லை, அவன் உட்காரும் இடத்தில் இருக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒருவன் தினமும் எட்டு மணி நேரம் உட்காரும் சீட்டில் ஒரு பள்ளம் விழுகிறதல்லவா, அதைத் தடவிப் பார்த்தால் அவனுடைய முன்கதை பின்கதை எல்லாம் தெரிந்துவிடுமாம். கைரேகை பார்த்தார்கள், கால்ரேகை பார்த்தார்கள். மிச்சமிருந்த ஒரு இடத்தையும் மகான் விட்டுவைக்கவில்லை.

காரியம் நடக்கும் முறையே தனி. வண்டியை முற்றத்தில் நிறுத்தியதும் டோக்கன்காரர் வருவார். பழுத்த மனிதர், பேச்சில் தேன் ஒழுகும். "என்ன தம்பி, முகம் வாடியிருக்கு? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டே ஸ்பேனரால் சீட்டைக் கழற்றுவார். முன்பின் தெரியாதவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டால் யார்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? வந்தவர் கொட்டித் தீர்த்துவிடுவார். சீட் ஒரு திரைக்குப் பின்னால் போகும். அரைமணி கழித்து மகானின் மடிக்கு வரும். மகான் அதை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு நிமிஷம் வணங்குவார். ஒரு சீட்டுக்கே இவ்வளவு பணிவா என்று கூட்டம் உருகிப்போகும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தைத் தடவுவார். "உனக்கும் உன் பங்காளிக்கும் ஒரு வழக்கு இருக்கே..." என்று ஆரம்பிப்பார். வந்தவருக்குக் கண்ணீர் வந்துவிடும். எப்படித் தெரிந்தது சாமி! அரைமணிக்கு முன்னால் முற்றத்தில் நின்று தானே சொன்னது அவருக்கு ஞாபகமே வராது.

பலன் சொல்லி முடிந்ததும் சீட்டின் அதே அடித் தகட்டின் மேல் புது நுரையும் புது உறையும் போட்டு, ஆசனம் என்று பேர் சூட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்கு மூன்று நிபந்தனை. நாற்பது நாளைக்கு மாத்திரை, மருந்து, உடற்பயிற்சி எதுவும் கூடாது. தையலைப் பிரிக்கக் கூடாது. ஊசி பிடிக்கும் கை அதைத் தொடவே கூடாது, தொட்டால் சக்தி அறுந்துபோகும்.

உத்தரவாதத்தைக் கேளுங்கள், அதுதான் அருமை. பத்து வருஷம் உழைக்கும். அதற்குள் அமுங்கிவிட்டால்? உங்கள் பாரத்தை ஆசனம் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம், சந்தோஷப்பட்டு அடுத்தது வாங்க வேண்டியதுதான். கிழிந்துவிட்டால்? வரவிருந்த ஆபத்தை அது தாங்கிக்கொண்டது. உட்கார்ந்தால் வலித்தால்? பழைய வலி வெளியேறுகிறது. வலிக்காவிட்டால்? வெளியேறிவிட்டது. மனசு சுத்தமாக இருப்பவர்களுக்குத்தான் சுகம் தெரியும் என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு சுகம் தெரியவில்லை என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்?

இந்தக் கூத்தைப் பார்த்து வயிறெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். ஊரில் அவளை சீட்டக்கா என்று கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிள் சீட் தைப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் கனத்த தையல் மெஷின், ஒரு பக்கம் நுரைப் பலகைகள், சுவரில் வரிசையாகத் தொங்கும் வெற்றுத் தகடுகள். பின்புறம் தேய்ந்த மனிதர்கள் அங்கே வந்து, நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள்.

அவளிடம் மந்திரமில்லை, அளவு உண்டு. வருபவரை ஸ்டூலில் உட்காரவைத்து, எடை கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவார் என்று கேட்டு, அதற்குத் தகுந்த நுரையை வெட்டுவாள். மெத்தென்று இருப்பதெல்லாம் சுகமில்லை, பத்தே நிமிஷத்தில் எலும்பு தகட்டைத் தொட்டுவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். புதிதாக நுரை வாங்கினால் அதன் மேல் அறுபது கிலோ ஜல்லி மூட்டையை ஒரு வாரம் ஏற்றி வைப்பாள். மூட்டையை இறக்கியதும் நல்ல நுரை எழும்பிவிடும், சொத்தை நுரை பள்ளம் விழுந்து அப்படியே படுத்துக்கிடக்கும்.

இத்தனை தெரிந்த அவள் வீட்டிலேயேதான் மகானுக்கு ஒரு பக்தர் இருந்தார். வேறு யார், கட்டின புருஷன்தான். பதினொரு வருஷமாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. காலையில் வண்டியில் ஏறினால் இருட்டுகிற வரை இறங்கமாட்டார். போன வருஷம் முதுகில் பிடித்துக்கொண்டது. முதுகெலும்புத் தட்டு ஒன்று நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, மணிக்கொரு தடவை இறங்கி நடப்பது என்று மூன்றே கட்டளை. "விட்டுட்டீங்கன்னா கால் மரத்துப் போகும். அப்புறம் பாதத்தைத் தூக்கவே முடியாது" என்றும் எச்சரித்தார்.

இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் செய்தார். அப்புறம் கூட வேலை செய்யும் எவனோ ஒருவன் அவரைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்றோடு மாத்திரை பரணுக்குப் போய்விட்டது.

"நான் தைச்சுக் கொடுத்த சீட்டுக்கு என்னங்க குறைச்சல்?" என்று சீட்டக்கா கேட்டாள்.

"நீ தைச்சா அது சீட். அவர் தைச்சா அது ஆசனம். உனக்குப் புரியாது, விடு."

"பதினாறு வருஷமா ஊருக்கே தைக்கிறேன். எனக்குப் புரியாதா?"

"அதனாலதான் புரியாதுங்கறேன். ஊசி பிடிக்கிற கை. தயவுசெஞ்சு வண்டிப் பக்கம் வராதே."

சொந்த வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைச் சொந்தப் பெண்டாட்டி தொடக் கூடாது! அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சிரிப்பு ஒரு புதன்கிழமையோடு போய்விட்டது. அன்றைக்கு அவர் வேலை முடிந்து படியேறி வந்தபோது இடது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"இன்னொரு செருப்பு எங்கேங்க?"

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அது இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. வலது கால் வெறுங்காலாக இருந்தது, கட்டைவிரலில் கல் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. அந்தக் காயமும் அவருக்குத் தெரியவில்லை.

"பாரம் இறங்குது. மகான் முன்னாடியே சொன்னார்" என்றார். குரலில் மட்டும் பழைய தெம்பு இல்லை.

சீட்டக்கா ஈரத்துணியால் அந்தக் காயத்தைத் துடைத்தாள். பிரேக் மிதிக்கிற கால் அல்லவா அது! செருப்பு போனது தெரியாத காலுக்கு பிரேக் மட்டும் எப்படித் தெரியும்? அன்றைக்கு அழுதும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். "நாற்பது நாள் முடியட்டும்" என்ற ஒரே பதில்தான். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவரை மேடையேற்றி, "எனக்கு முழுக்கக் குணமாயிடுச்சு" என்று சொல்லவைத்திருந்தார்கள். வாரா வாரம் அவர்தான் சாட்சி. மேடையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசியதால் கால் இழுப்பது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து முட்டை வியாபாரி ஒருவர் பட்டறைக்குள் திருடனைப் போல நுழைந்தார். கக்கத்தில் சாக்கு சுற்றிய சீட்.

"அக்கா, யாருக்கும் தெரியக் கூடாது. மகான் கொடுத்த ஆசனம். மூணு மாசத்துல அமுங்கிப்போச்சு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உசிரு போய் உசிரு வருது. முட்டை கூட உடையறதில்லை, நான்தான் உடைஞ்சுபோறேன்."

"அமுங்கினா நல்லதுதானே? உங்க பாரத்தை வாங்கிக்கிச்சு."

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. தைச்சுக் கொடுங்க."

சீட்டக்கா கவிழ்த்துப் போட்டு, உறையைப் பிடித்திருந்த ஊக்குகளைப் பிடுங்கினாள். உறைக்குள்ளே நுரைப் பலகையே இல்லை. டிவி பெட்டியோடு வரும் பொதி நுரைத் துண்டுகள், யாரோ தூக்கிப்போட்ட மெத்தையின் கிழிசல், நடுவில் கொஞ்சம் பஞ்சு. ஒரு குப்பைத்தொட்டியைத் தைத்து உறை போட்டிருந்தார்கள். ஆனால் அவள் கண் நின்றது அதில் இல்லை. தகட்டின் அடிப்புறத்தில் மஞ்சள் க்ரேயானால் என்னவோ கிறுக்கியிருந்தது.

சீட் தைக்கிறவர்களின் வழக்கம் அது. யாருடைய சீட், என்ன எடை, எந்த இடத்தில் உயர்த்த வேண்டும் என்று தகட்டின் அடியில் குறித்துக்கொள்வார்கள். வண்டியில் மாட்டியதும் அது கண்ணுக்குத் தெரியாது. சாக்பீஸ் மழையில் கரைந்துவிடும் என்று அவளும் க்ரேயான்தான் வைத்திருந்தாள். இந்தத் தகட்டிலும் குறிப்பு இருந்தது, ஆனால் எடையும் இல்லை, உயரமும் இல்லை. "தம்பி, வீடு, சண்டை. மனைவி முழங்கால்" என்று இருந்தது.

சீட்டக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களுக்கும் உங்க தம்பிக்கும் வீட்டு விஷயத்துல சண்டையா?"

முட்டை வியாபாரி திடுக்கிட்டார். "ஆமாக்கா."

"வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி?"

"ஐயோ, மகான் சொன்ன அதே வார்த்தை! உங்களுக்கும் சக்தி வந்துடுச்சா?"

"எனக்குப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்" என்று தகட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! டோக்கன்காரரிடம் தான் புலம்பியது அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வணங்குகிற சாக்கில் மகான் சீட்டை முகத்துக்கு நேரே தூக்கியது எதற்கு என்பதும் புரிந்தது.

அன்று மாலையே புருஷனிடம் சொன்னாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. "அடையாளத்துக்கு எழுதியிருப்பாங்க. நீயும்தான் எழுதறே."

"நான் பொண்டாட்டி முழங்காலையா எழுதறேன்? சரி, உங்க சீட்டைக் கழட்டுங்க, அதுல என்ன இருக்குன்னு பார்க்கலாம்."

"நாற்பது நாள் முடியாம கழட்ட மாட்டேன்."

"அப்ப ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை நான் ஒரு சீட் கொண்டுவர்றேன். அதுல உட்கார்ந்தது யாருன்னு மகான் சரியாச் சொல்லட்டும், இனிமே மாத்திரையைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா என்கூட டாக்டர்கிட்ட வரணும்."

"சரியாத்தான் சொல்வார்" என்றார் பார்சல்காரர். மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த சீட்டில் உட்கார்ந்தது யார் என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். சாட்சாத் ஜல்லி மூட்டைதான். சோதனைக்காக, பந்தயத்துக்கு முன்பிருந்தே, சொத்தை நுரை போட்ட ஒரு சீட்டில் அது ஒரு வாரமாக ஏறி உட்கார்ந்திருந்தது. பள்ளம் வெகு லட்சணமாக விழுந்திருந்தது. அந்த சீட்டை முட்டை வியாபாரியின் வண்டியில் மாட்டிக்கொண்டு, ஞாயிறு காலையில் சீட்டக்காவும் முட்டைக்காரரும் கிடங்குக்குக் கிளம்பினார்கள். முட்டைக்காரரின் மைத்துனர் பின்னால் சரக்கு ஆட்டோவில் வந்தார். ஆட்டோவில் தார்ப்பாய் போர்த்தி என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சீட்டக்காவுக்கு ஒரு பிடிவாதம். பொய்க்காரனைப் பிடிக்கப் போகிற நாளில் தான் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது.

டோக்கன்காரர் வந்தார். "வாம்மா. யாருக்குப் பார்க்கணும்?"

"எங்க பட்டறையில இருக்கறவருக்கு."

"வேலைக்காரரா?"

"ஆமாங்க. நுரையை அழுத்திப் பார்க்கிற வேலை. எட்டு வருஷமா இருக்கார். ஒரு நாள் லீவு கேட்டதில்லை, சம்பளம் கேட்டதில்லை."

"அடடா, தங்கமான மனுஷன். குடும்பம்?"

"கல்யாணம் ஆகலை. யாரோடயும் பேசமாட்டார். வச்ச இடத்துலயே இருப்பார். மழை பெய்தாக்கூட நகரமாட்டார்."

"மனசுல ஏதோ பெரிய அடி" என்று டோக்கன்காரர் உச்சுக்கொட்டினார்.

"அடியெல்லாம் நிறைய வாங்கினவர்தான். சம்மட்டி அடி."

"சாப்பாடு?"

"தொடவே மாட்டார்."

டோக்கன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டைக் கழற்றித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் மகான், பக்கத்து நாற்காலியில் சாட்சி சொல்லக் காத்திருக்கும் பார்சல்காரர். மனைவியைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீட் வந்தது. மகான் தூக்கினார், முகத்துக்கு நேரே பிடித்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வணங்கினார். எழுதியது நிறைய இருந்திருக்கும். பிறகு கண்ணை மூடித் தடவினார்.

"ஐயோ பாவம்... பேசாத ஜீவன். வாலிபத்துல ஒரு பெண்ணை நேசிச்சார். அவ கைவிட்டுட்டா. அன்னையிலேருந்து இவர் மனசு கல்லாப் போச்சு."

கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்பா வழிச் சொத்து ஒண்ணு இவருக்கு வரணும். அண்ணன்காரன் தடுக்கிறான். இடது காதுல ஒரு இரைச்சல் இருக்கு. சாப்பாட்டு மேல வெறுப்பு வரும்படி யாரோ செஞ்சிருக்காங்க."

"கல்யாணம் நடக்குமா சாமி?" என்று சீட்டக்கா பவ்யமாகக் கேட்டாள்.

"நம்ம ஆசனத்துல உட்கார்ந்தா மூணே மாசம். கல்யாண யோகம் இப்பவே பள்ளத்துல தெரியுது."

"குழந்தைங்க?"

"ரெண்டு. மூத்தது பொண்ணு."

"மகராசனா இருங்க சாமி. அவரையே கூட்டிட்டு வந்திருக்கேன். ஆனா தனியா வரமாட்டார், ரெண்டு பேர் தூக்கணும்."

"தூக்கிட்டு வாங்க! நடக்க வச்சு அனுப்பறேன்" என்று மகான் கையை உயர்த்தினார்.

முட்டை வியாபாரியும் மைத்துனரும் மூச்சு வாங்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் தொப்பென்று போட்டார்கள். வாய் கட்டிய சாக்கு. ஓரத்து ஓட்டையிலிருந்து நாலு ஜல்லி உருண்டு மகானின் காலடியில் போய் நின்றது.

"இவர்தான் சாமி மாப்பிள்ளை" என்றாள் சீட்டக்கா. "ஒரு வாரமா அந்த சீட்டுல உட்கார்ந்தது இவர் ஒருத்தர்தான். இடது காது எதுன்னு காட்டினீங்கன்னா மருந்து விடலாம்."

பின்வரிசையில் யாரோ ஒருவர் அடக்கமுடியாமல் புர்ரென்று சிரித்தார். சிரிப்பு பரவப் போகிற நேரம், மகான் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். லேசுப்பட்டவரா அவர்?

"சிரிக்காதீங்க. நான் சொன்னது மூட்டையோட கதை இல்லை. இந்த மூட்டையைத் தன் கையால கட்டின ஒருத்தரோட கதை. அவர் பாரம் மூட்டை வழியா சீட்டுல இறங்கியிருக்கு!"

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. "பார்த்தியா, மூட்டையைக் கட்டினவர் வரைக்கும் தெரியுது!" என்று ஒரு அம்மாள் மெய்சிலிர்த்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் மூட்டையைப் பார்த்துக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். ஏமாறுவது என்று முடிவு கட்டியவர்களை யார் என்ன செய்ய முடியும்?

சீட்டக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கட்டினது நான்தான் சாமி. எனக்குக் கல்யாணமாகி பதினாறு வருஷமாச்சு. மூணு மாசத்துல இன்னொண்ணு ஆகும்ங்கறீங்க. என் வீட்டுக்காரர் உங்க பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க!"

அவ்வளவுதான், கிடங்கு அதிர்ந்தது. கும்பிட்ட இருவரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கையைச் சொறிந்துகொண்டார்கள். சீட்டக்கா மகானின் மடியிலிருந்த சீட்டை வெடுக்கென்று பிடுங்கி, கவிழ்த்துத் தூக்கிக் காட்டினாள். அடியில் மஞ்சள் எழுத்து ஈரம் காயாத மாதிரி பளபளத்தது: "வேலையாள். பேசமாட்டார். கல்யாணம் இல்லை. மன அடி. சாப்பிடமாட்டார்."

"இதுதான் உங்க தலையெழுத்து. டோக்கன்காரர் கையெழுத்து" என்றாள். "உங்க எல்லார்கிட்டயும் ஸ்பேனர் இருக்குல்ல? அவங்கவங்க சீட்டைக் கழட்டிக் கவுத்துப் பாருங்க. ஊசி பிடிக்கிற கை தொடக் கூடாதுன்னு எதுக்குச் சொன்னாங்கன்னு இப்ப தெரியும்."

முற்றத்துக்கு ஓடினார்கள். முந்நூறு ஸ்பேனர் ஒரே நேரத்தில் சுழன்றது. "மாமியார் தொல்லை", "பரீட்சையில் மூணு தடவை", "வழுக்கை, கவலை" என்று அவரவர் ரகசியத்தை அவரவர் சத்தமாக வாசித்தார்கள். வசதியான மனிதர் ஒருவரின் தகட்டில் "எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்" என்று இருந்தது. டோக்கன்காரர் மெதுவாக நழுவி, கைக்கு எட்டிய வண்டி ஒன்றில் தாவி ஏறினார். அதன் சீட்டை அவரே கழற்றி உள்ளே அனுப்பியிருந்தது ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஐயோ என்று அலறிக்கொண்டு, நின்றபடியே ஓட்டிக்கொண்டு பைபாஸில் மறைந்தார்.

பார்சல்காரர் மேடையிலிருந்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். யாரையும் தொடவிடாமல் தானே கழற்றினார். கவிழ்த்தார். ஆறே வார்த்தை. "முதுகு வலி. எதையும் நம்புவார். மேடைக்கு ஆகும்."

மனுஷன் அதை மூன்று தடவை வாசித்தார். சீட்டக்கா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "குணமாயிடுச்சுன்னு வாரா வாரம் சொன்னேன்ல, பொய். எனக்கு வலது பாதம் மரத்துப்போச்சு. முந்தாநாள் ஒரு ஸ்கூல் பக்கத்துல தேடின காலுக்கு பிரேக் கிடைக்கலை. கை பிரேக்கால தப்பிச்சேன். ரோட்டைத் தாண்டின பொண்ணுக்கும் என் வண்டிக்கும் ஒரு முழம் கூட இல்லை. என் மனசு சுத்தமில்லைன்னு நீங்க நினைச்சுக்குவீங்களேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வெட்கமா இருக்கு."

பிறகு ஒருவர், "எனக்கும் வலி போகலைங்க" என்றார். "எனக்கு அதிகமாயிடுச்சு" என்றார் இன்னொருவர். "நான் நின்னுக்கிட்டேதான் ஓட்டறேன்" என்றார் மூன்றாமவர். முந்நூறு பேருக்கும் வலித்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று முந்நூறு பேரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள். அதுதான் மகானின் உண்மையான மூலதனம்.

இதற்குள் மகான் பின்பக்க ஜன்னலில் ஒரு காலைப் போட்டுவிட்டார். மறு காலைத் தூக்கும்போது "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முட்டை வியாபாரி ஓடிப்போய் அங்கியைப் பிடித்தார். அங்கிக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி, மருந்துக்கடை முத்திரையோடு முதுகுவலி பெல்ட். பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. பார்சல்காரர் பரணில் போட்ட அதே மாத்திரை.

"எந்த டாக்டர் சாமி?" என்று சீட்டக்கா ஆர்வமாக விசாரித்தாள். "கைராசிக்காரரா இல்லாட்டியும் பரவாயில்லை, படிச்சவரா இருந்தாச் சொல்லுங்க. நாங்களும் போறோம்."

அன்றே புருஷனைப் பின்னால் உட்காரவைத்து டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் பாதத்தைத் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், அப்புறம் நன்றாகத் திட்டினார். உணர்ச்சி பெரும்பாலும் திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் வண்டி தொடக் கூடாது என்றார்.

ஒரு மாதம் போனது. பட்டறைத் தரையில் பாய் விரித்துப் பார்சல்காரர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். கட்டைவிரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது, சுண்டுவிரல் பக்கம் இன்னும் ஒன்றுமில்லை. வாசலில் பார்த்தால் வரிசை. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் கையிலும் சீட். வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்று சீட்டக்காவுக்குச் சந்தோஷம்.

முதலில் நின்ற அம்மாள் சீட்டை நீட்டினாள். அன்றைக்குக் கிடங்கில் மெய்சிலிர்த்தவளேதான். "நுரையெல்லாம் மாத்த வேண்டாம்மா. உன் கை ராசியான கையாமே? மகானையே ஜெயிச்ச கை, உன் புருஷன் காலையே எழுப்பின கை. சும்மா ஒரு தடவை தடவிக் கொடு, போதும். என் பையனுக்கு வேலை கிடைச்சுடும்." பின்னால் நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

சீட்டக்கா கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தரையில் படுத்திருந்த பார்சல்காரர்தான் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "அம்மா, என் காலை எழுப்பினது மாத்திரையும் டாக்டரும். இன்னும் பாதிதான் எழும்பியிருக்கு. மிச்சப் பாதி, நாற்பது நாள் கணக்கை நம்பி யோசிக்காம உட்கார்ந்திருந்ததுக்கு நான் கட்டின அபராதம். எனக்காவது கால்தான் மரத்துச்சு, போய்க் காட்ட ஒரு டாக்டர் இருந்தார். நீங்க மூளையை மரத்துப்போக விட்டுட்டு எந்த டாக்டர்கிட்ட போய்க் காட்டப்போறீங்க?"